மிஸ்டர் வையின் சுவர்

சுதர்சினி மிஸ்ஸுக்குப் பிடிக்காதவர்கள் கெலிஓயாவில் பாதிப்பேர். மீதிப்பேரை அவளுக்கு இன்னும் தெரியாது என்று சந்திக்கடை அரூஸ் நானா சொல்வார். பிடிக்காதவர்களில் முதல் இடம் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் யோகராஜுக்கு. அவன் வீடு மேலே ரோட்டோடு இருந்தது, அவள் வீடு கீழே பள்ளத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவன் கட்டிய கருங்கல் சுவர் நின்றது. அந்தச் சுவர் அவள் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

நிலம் அவர்களுடைய அப்பா கறுப்பையா வாங்கியது. தேயிலைத் தோட்டத்தில் ஆயுள் முழுக்கச் செடி கவ்வாத்து வெட்டிய மனுஷன், வேலையை விட்ட காசில் இந்தச் சரிவை வாங்கி, கையாலேயே வெட்டி இரண்டு தட்டாக்கினார். மேல்தட்டு மகனுக்கு, கீழ்த்தட்டு மகளுக்கு. ஆண்பிள்ளைக்கு ரோடு கிடைத்தது, பெண்பிள்ளைக்குப் படிக்கட்டு கிடைத்தது. அந்தப் படிக்கட்டும் மேலே ஏறி யோகராஜின் முற்றத்துக் கேட்டில்தான் போய் முடியும். கறுப்பையா நல்லவர், ஆனால் தன் பிள்ளைகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

யோகராஜ் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஒரு ஹார்ட்வெயர் கடையில் சீமெந்து மூட்டை தூக்கப் போனவன். தங்கச்சிக்குப் படிப்பு வருகிறது, அவள் படிக்கட்டும் என்று வீட்டில் முடிவானபோது அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூக்கினான், இறக்கினான், கடைசியில் சொந்தமாகவே ஒரு கடை போட்டான். "நா மூட்ட தூக்குனதுலதான் இவ இங்கிலீசு படிச்சா" என்பதை அவன் கல்யாண வீடு, சாவு வீடு பார்க்காமல் சொல்வான். முதலில் பெருமைக்குத்தான் சொன்னான். வரவர அந்தப் பேச்சில் முள் முளைத்தது. அப்பாவின் கருமாதிப் பந்தியிலும், சொந்தபந்தமெல்லாம் இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது, அதையே சொன்னான். சுதர்சினி பாதிச் சோற்றில் இலையை மூடினாள்.

"அந்த மூட்டைக்கு நா இன்னும் எத்தன வருசம் விழுந்து கும்புடணும்?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்த ஒருவர், தன் ஆங்கிலத்தைக் கொஞ்சம் காட்டுவோம் என்று பேசத் தொடங்கினார். அவள் தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டே மூன்று இடத்தில் திருத்தினாள். அடுத்து வந்தவர் உஷாராகத் தமிழிலேயே பேசினார், அவருடைய விசிட்டிங் கார்டைத் திருத்தினாள். பிறகு தரகர் அந்தப் படிக்கட்டில் இறங்குவதை நிறுத்திக்கொண்டார்.

அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த வகுப்புத்தான். வீட்டுக்குப் பின்னால், சுவரின் காலடியில், தகரக் கொட்டில் ஒன்று. உள்ளே பிள்ளைகள் உட்கார நீள வாங்குகள், ஒரு கரும்பலகை. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் கடுகண்ணாவையிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். அடிக்க மாட்டாள், ஆனால் வாயாலேயே அழவைப்பாள். அப்படியும் வந்தார்கள், ஏனென்றால் அவளிடம் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் கோட்டைவிட்டதாகச் சரித்திரம் இல்லை. சோறு போட்டதும் அதுதான், தலை நிமிர்ந்து சந்தியைக் கடக்க வைத்ததும் அதுதான். அந்தச் சுவர் விழுந்தால் நேரே அந்தக் கொட்டிலின் மேல்தான் விழும்.

சுவரைக் கட்டிய கதையையும் சொல்லிவிட வேண்டும். யோகராஜுக்கு லொறி நிறுத்த இடம் வேண்டும். மண்ணைக் கொட்டிச் சரிவை வெளியே தள்ளி, அதற்கு முட்டுக்கொடுக்க இந்தச் சுவரை எழுப்பினான். உள்ளே ஊறுகிற மழைத்தண்ணீர் வெளியே வர, சுவரில் இடைக்கிடை குழாய் விட வேண்டும் என்பது மலைநாட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கடை நிறையக் குழாய் வைத்திருந்த யோகராஜ் சுவருக்கு ஒரு துண்டுக் குழாய் போடவில்லை. தண்ணீர் உள்ளேயே நின்று, சுவர் மெல்ல வயிறு தள்ளியது.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டுமே. பிள்ளைகள் கூடக்கூட, கொட்டிலில் இன்னும் இரண்டு வாங்கு போட சுதர்சினிக்கு இடம் தேவைப்பட்டது. ஓர் ஆளைக் கூப்பிட்டு, சுவரின் காலடி மண்ணை உள்ளே தள்ளி வெட்டவைத்தாள். நம் பக்கத்து வழக்கம் இது. மேலே இருப்பவன் மண்ணைக் கொட்டி முற்றம் தேடுவான், கீழே இருப்பவன் மண்ணை வெட்டி அடுப்பு வைக்கக் குசினி தேடுவான். நடுவில் மலை என்ன செய்யும் என்று இரண்டு பேருமே யோசிக்க மாட்டார்கள். வெட்டியதைப் பற்றி சுதர்சினி ஒருவரிடமும் பேசியதில்லை. தனக்குத்தானேகூடப் பேசியதில்லை.

சுவரைப் பிரித்துத் திருப்பிக் கட்ட வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். அதை அரூஸ் நானாவிடம் சொன்னாள். கிராம சேவகரிடம் சொன்னாள். கோயில் ஐயரிடம் சொன்னாள், அவர் பாவம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சொல்ல வேண்டிய ஒருவனிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லாமலிருக்க அவளுக்கு ஒரு வழியும் கிடைத்தது.

ஒரு சனிக்கிழமை சாய்வைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களை நடத்தினாள். ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் சொற்கள், பிள்ளைகள் எப்போதும் குழப்பிக்கொள்பவை. மலைச்சரிவுக்கு ஸ்லோப். ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் இறங்கிய மேசைக்கு டில்ட். எழுதும்போது கோணிக்கொண்டு போகும் எழுத்துக்கு ஸ்லான்ட். நேராக நிற்க வேண்டியது ஒரு பக்கமாகச் சாய்ந்தால் லீன். உதாரணம் தேடி அவள் தூரம் போகவில்லை. கையிலிருந்த அடிமட்டக் கோலைத் தலைக்கு மேல் தெரிந்த சுவரை நோக்கி நீட்டினாள்.

"தி வோல் லீன்ஸ்," என்றாள். "எல்லாரும் சேர்ந்து."

சுவர் சாய்கிறது என்று வகுப்பே சேர்ந்து ஆங்கிலத்தில் கத்தியது. அவளுடைய வகுப்பில் எதையும் கூட்டமாக உரக்கச் சொல்லித்தான் படிக்க வேண்டும், வாய்க்குள் முணுமுணுத்தால் அடுத்த வாரம் மறந்துபோகும் என்பது அவள் கொள்கை. அந்தச் சத்தம் சுவர் ஏறி மேல்வீட்டு முற்றத்தில் போய் விழுந்தது. லொறி கழுவிக்கொண்டிருந்த யோகராஜ் எட்டிப்பார்த்தான். அவன் தலை தெரிந்ததும் அவளுக்கு உள்ளுக்குள் ஓர் இனிப்பு ஊறியது. இத்தனை வருஷமாக அவன் ஊர்கூட்டிச் சொன்ன அந்த மூட்டைக் கதைக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது போலிருந்தது.

அடுத்த வாரம் மனிதர்களின் சாய்வு. ஒருவருக்கு மனம் ஒரு பக்கம் போனால் இன்கிளைன்ட். வழக்கமாக ஒன்றைச் செய்கிறவர் டென்ட்ஸ் டு. ப்ரோன் என்ற சொல்லுக்கு அவள் கொஞ்ச நேரம் எடுத்தாள்.

"இது நல்லதுக்கு வராது," என்றாள். "காய்ச்சலுக்கு வரும். விபத்துக்கு வரும். மிஸ்டர் வைக்கு வரும்."

யார் மிஸ்டர் வை என்று யாரும் கேட்கவில்லை, யோகராஜின் பெயர் ஆங்கிலத்தில் வை என்ற எழுத்தில்தான் தொடங்கும். மிஸ்டர் வை டென்ட்ஸ் டு லை, மிஸ்டர் வைக்குப் பொய் சொல்லும் பழக்கம் என்று வகுப்பே பாடியது. மிஸ்டர் வை எதையும் மலிவாக முடிக்க மனம் சாய்ந்தவர், மிஸ்டர் வை தற்பெருமைக்கு ஆளாகிறவர் என்று அடுத்தடுத்து வந்தன. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அந்த ஆண்டு அவளிடம் படித்தவர்களுக்கு மற்றச் சொற்கள் மறந்தாலும் இவை மறக்கவில்லை.

யோகராஜ் அரூஸ் நானாவின் கடைக்குப் போனான். அரூஸ் நானா கட்டாரில் வேலை பார்த்து ஆங்கிலம் பழகியவர், அதைச் செலவழிக்க இடமில்லாமல் இருந்தார்.

"என்னாங்க நானா, அந்தப் புள்ளைங்க வையி வையின்னு கத்துதுங்க. என்னையத்தானே?"

"சுவரு சாயிதாம்," என்றார் அரூஸ் நானா, பருப்பை நிறுத்துக்கொண்டே. "உங்களுக்குப் பொய் செல்ற பழக்கமும் ஈக்கிதாம். நல்ல இங்கிலீஷ்தான், பிழை செல்ல ஏலா."

யோகராஜ் திரும்பி நடந்தான். மூட்டை தூக்கித் தேய்ந்த தோள் அவனுக்கு மழை நாளில் இன்றைக்கும் வலிக்கும். அந்த வலியில் வாங்கிக்கொடுத்த பாஷையில்தான் இவள் தன்னை ஏசுகிறாள் என்பது அவனுக்கு நெஞ்சில் போய் உட்கார்ந்தது. மறுநாள் ஒரு லோட் மணலைக் கொண்டுவந்து, வேண்டுமென்றே சுவரின் விளிம்பில் கொட்டினான். சாயட்டும், அவள் நன்றாகப் பார்த்துப் பாடம் நடத்தட்டும் என்று அவன் சொன்னதாக ஊரில் பேச்சு.

மணல் ஏறியதும் சுவர் இன்னும் கொஞ்சம் வயிறு தள்ளியது. சுதர்சினி பயந்தாள். பயந்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? படியேறிப் போய் அவன் வாசலில் நின்றிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மறுவாரம் ஒப்பீட்டுப் பாடம் நடத்தினாள். போன மாதத்தைவிட இந்த மாதம் சுவர் அதிகமாகச் சாய்கிறது என்று பிள்ளைகள் தொண்டை வறளக் கத்தினார்கள். அவன் பதிலுக்குக் கருங்கல் இறக்கினான். பாடமும் பாரமும் மாறிமாறி ஏறின. வருஷங்கள் இப்படியே போயின.

பிறகு ஒரு வருஷம் மழை விடாமல் பிடித்தது. எங்கெங்கோ மண் இறங்கியது, வீடுகள் புதைந்தன என்று தொலைக்காட்சியில் ராப்பகலாகக் காட்டினார்கள். அந்த வாரம் ஸுமைரா என்ற பிள்ளையின் தாய் றலியா, குடையை மடக்காமலே கொட்டில் வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், கோவிச்சுக்கொள்ள வாணாம். புள்ளய இனி அனுப்ப மாட்டேன்."

"பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கு. இப்ப நிப்பாட்டினா எப்புடி?"

"சுவரு விழுந்துருமே மிஸ்."

"அதெல்லாம் விழாது."

றலியா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீங்கதானே மிஸ் படிச்சுக் குடுத்தீங்க. புள்ள தூக்கத்திலயும் அதத்தான் செல்றா."

அடுத்த வகுப்பில் சுதர்சினி கரும்பலகைக்கு முன்னால் நின்று, சுவர் சாயவில்லை, அது சும்மா உதாரணத்துக்குச் சொன்னது என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சொன்ன எதையும் நம்பாமல் இருந்ததில்லை அவர்கள், இதை மட்டும் நம்பவில்லை. வாங்குகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. அண்ணன் மேல் வந்த ஆத்திரம் இப்போது இரட்டித்தது. அவன் சுவரால் தன் சோற்றில் மண் விழுகிறது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். தன் வாயைப் பற்றி அவள் இன்னும் நினைக்கவில்லை.

பெற்றோரில் யாரோ ஒருவர் அறிவித்திருக்க வேண்டும். மண்சரிவு பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஓர் இஞ்சினியர் வந்து இறங்கினார். இளம் சிங்களவர், மழைச்சட்டையும் பூட்ஸும் போட்டிருந்தார். தமிழ் தெரியாது, மன்னிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். சுதர்சினிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

அவள் பேசினாள். அப்படி ஒரு ஆங்கிலத்தை அந்த இஞ்சினியர் தன் அலுவலகத்தில் கேட்டிருக்க மாட்டார். சரிவு எங்கே தொடங்குகிறது, சுவர் எந்த இடத்தில் வயிறு தள்ளுகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது, மணல் வந்த பிறகு எவ்வளவு சாய்ந்தது, கல் வந்த பிறகு எவ்வளவு சாய்ந்தது என்று ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். மேல்வீட்டுக்காரருக்கு எச்சரிக்கைகளைக் கணக்கில் எடுக்காத சுபாவம் என்பதையும் சேர்த்துக்கொண்டாள். மேலே சுவரோரம் நின்ற யோகராஜுக்குச் சத்தம் கேட்டது, சங்கதி விளங்கவில்லை. இன்றைக்கு மாட்டினான் என்று அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

இஞ்சினியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு குனிந்து, சுவரின் காலடியில் கையை வைத்துத் தடவினார்.

"இந்த இடத்தில் மண்ணை வெட்டியது யார்?"

சுதர்சினி மேலே இருந்த மணல் குவியலைக் கைகாட்டினாள்.

"அடிமண்ணை எடுத்தால் எந்தச் சுவரும் நிற்காது, மேடம்." அவர் நிமிர்ந்து கொட்டிலுக்குள் பார்த்தார். "இது சாய்வது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?"

"மூன்று வருஷமாக," என்றாள். அதைச் சொல்லும்போதும் குரலில் வெற்றி இருந்தது.

"மூன்று வருஷமாக." இஞ்சினியர் வாங்குகளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அப்படியென்றால் மூன்று வருஷமாகப் பிள்ளைகளை ஏன் இதற்குக் கீழே உட்காரவைத்தீர்கள்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கொட்டிலில் மிச்சமிருந்த பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதுவரை அவள் ஒருநாளும் அந்த வாங்குகளைச் சுவரின் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை, அண்ணனின் முற்றத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தாள். கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலைக்குள் முடிவு வந்தது. வகுப்பு உடனே நிற்க வேண்டும். கீழ்வீடு மறுநாளே காலியாக வேண்டும், திரும்பிக் குடியேறலாமா என்பதைப் பிறகு பார்ப்பார்கள். மேல்வீட்டுக்காரர் மணலையும் கல்லையும் அகற்ற வேண்டும், ஆனால் வீட்டில் இருக்கலாம். ஆபத்து கீழே இருப்பவருக்குத்தான், எழும்பிப் போக வேண்டியதும் கீழே இருப்பவர்தான். மலையில் சட்டம் அப்படித்தான் ஓடுகிறது, தண்ணீரைப் போல.

மறுநாள் காலையில் அரூஸ் நானா தன் சின்ன லொறியை ரோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். சுதர்சினி வத்தேகமயில் இருக்கும் சித்தி மகளின் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. இரண்டு ஆட்கள் வாங்குகளைத் தோளில் வைத்துப் படியேறினார்கள். மேலே, என்றைக்கும் பூட்டாத கேட்டில் பூட்டுத் தொங்கியது. கேட்டுக்கு அந்தப் பக்கம் யோகராஜ் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு நின்றான்.

அவள் அவனுக்கு நேர் எதிரே நின்றாள். இடையில் இரும்புக் கம்பி மட்டும்தான். அப்படியும் அவள் அவன் தலைக்கு மேலால் ரோட்டைப் பார்த்துப் பேசினாள்.

"அரூஸ் நானா, பூட்டத் தொறக்கச் சொல்லுங்க."

அரூஸ் நானா லொறியிலிருந்து இறங்கி வந்தார். "யோகராஜ், தங்கச்சி கேட்டத் தொறக்கச் செல்றா."

"எனக்குக் காது இருக்கு நானா," என்றான் யோகராஜ். "மூணு வருசமா இவ என்னையப் பத்திக் கத்துனத எல்லாம் நீங்கதான் எனக்கு வெளங்கப்படுத்துனீங்க. இன்னைக்கும் நீங்கதான் சொல்லணுமா? எனக்கு வெளங்குற பாசையில அவ ஒரு தடவ கேக்கட்டும்."

வாங்கு தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். தூறல் விழ ஆரம்பித்தது. சுதர்சினியின் முகம் சிவந்தது.

"கேட்டிருந்தா மட்டும்?" என்றாள். கருமாதிப் பந்திக்குப் பிறகு அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. "அண்ணே, அந்தச் சொவரப் பிரிச்சுக் கட்டுங்கன்னு நா வந்து கேட்டிருந்தா கட்டியிருப்பீங்களா?"

யோகராஜ் சுவரைத் திரும்பிப் பார்த்தான். ஊர் சொல்வது போல அவன் பொய்க்காரன்தான், ஆனால் அன்றைக்குப் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

"மாட்டேன்," என்றான். "கட்டியிருக்க மாட்டேன். ஆனா நீ கேக்கலயே."

சாவியைக் கம்பிக்கிடையே நீட்டினான். அவள் வாங்கினாள், கை கையில் படாமல் வாங்கினாள். அவன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மூட்டை தூக்கியே வளர்ந்த ஆள், வாங்குகள் ஒவ்வொன்றாக அவன் முற்றத்தைக் கடந்து போன அந்த நேரம் முழுக்க வெளியே வரவில்லை. கடைசியாகக் கரும்பலகையை ஏற்றும்போது இரண்டு ஆட்களால் முடியவில்லை, அரூஸ் நானாவும் கைகொடுத்தார். இன்னும் ஓர் ஆள் இருந்தால் நல்லது என்று அவர் மூச்சுவாங்கிக்கொண்டு சொன்னார்.

"கூப்புட்டாலும் வர மாட்டான்," என்றாள் சுதர்சினி. சாத்திய கதவுக்குக் கேட்கட்டும் என்று உரக்கத்தான் சொன்னாள்.